காத்தாடி பிளேன்
வண்ணார்பேட்டை டீக்கடை அண்ணாச்சி நேற்று கேட்டார். "வாகைகுளத்துல ரன்வேய நீளமாக்கியாச்சுல்லா, இன்னும் எதுக்கு தம்பி அந்தக் காத்தாடி பிளேன்?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒன்பது வருஷம் ஏடிஆர் என்கிற அந்தக் காத்தாடி விமானத்தை ஓட்டிவிட்டு இப்போது ஜெட் ஓட்டுகிறவன் நான். வாகைகுளத்துத் தூத்துக்குடி விமான நிலையத்தில் 1350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3115 மீட்டர் ஆகியிருக்கிறது. ஜெட் வரட்டும், சந்தோஷம். அதற்காகக் காத்தாடியை மட்டமாகப் பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காத்தாடியைச் சுழற்றுவதும் ஜெட்டில் இருப்பது போன்ற டர்பைன்தான்.

விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட் ஏடிஆரிலும் உண்டு. ஆட்டோ த்ராட்டில்தான் கிடையாது. வேகத்தை நம் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பவரைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், குறைத்தால் மறுபக்கம். வாலில் இருக்கும் ரட்டரைக் காலால் மிதித்து, அது அப்படியே நிற்க ட்ரிம் போட்டு நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று இருக்கிறதே, குற்றாலத்தில் குளிப்பவர்களுக்கு அது சாரல், வாகைகுளத்தில் இறங்குகிறவனுக்கு முழங்கை வலி. டவரில் காற்று சொல்வார்கள். இருந்தாலும் கயத்தாறு காற்றாலைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்றுதான் என் கண் முதலில் தேடும்.

ஜெட்டில் இந்த மல்லுக்கட்டு இல்லை. 29,000 அடிக்கு மேலே விமானங்களுக்கு நடுவே உயர இடைவெளி 1000 அடிதான், அங்கே ஆட்டோபைலட் கட்டாயம். சரி, நியாயம். கீழே வந்து, வானம் பளிச்சென்று இருந்து, ரன்வே கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆட்டோபைலட்டை அணைக்க மனசு வராமல் உட்கார்ந்திருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் ஏர்பஸ். வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. கையில் வாங்கியவர் மூக்கைத் தூக்கிக்கொண்டே போக, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, அதாவது ஸ்டால் ஆகி, 228 பேரும் கடலில். நடு ராத்திரியில் திடீரென்று கைக்கு வேலை வந்தால், பழகாத கை என்ன செய்யும்? 2013 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் விமானத்துறையே, வாய்ப்பு கிடைக்கிறபோது கையால் ஓட்ட விடுங்கள் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது.

காத்தாடிக்காரன் தவறே செய்யமாட்டான் என்று சொல்ல வரவில்லை. 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் ஒரு ஏடிஆர் இறங்கும்போது, இறக்கையின் பின்பக்கத் தகடான ஃபிளாப்பை இறக்க வேண்டிய கை புரொப்பெல்லர் லீவரை இழுத்துவிட்டது, காத்தாடி உந்துவதை நிறுத்திவிட்டது. 72 பேரும் போய்விட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

போன மாதம் ஒரு காலை, 10,000 அடியில் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டினேன். பக்கத்தில் இருந்த துணை விமானி தம்பி பதறிப்போய், "சார், ஏதாவது பிராப்ளமா?" என்றான். இல்லப்பா, சும்மாதான் என்றேன். ஆனால் முதல் இரண்டு நிமிஷம் விமானம் என் பேச்சைக் கேட்கவில்லை. அதை அவன் கவனித்தானா என்று அப்புறம் நான் கேட்கவும் இல்லை.