டூலா வந்துவிட்டால் டாக்டர் வேண்டாமா?

"பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் டூலா இருந்தால் போதும், குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் அவரே பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சென்னைக் குடும்பங்களில் சுற்றுகிறது. இது தவறு. டூலா என்பவர் பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் தாய்க்குத் துணையாக இருக்கப் பயிற்சி பெற்றவர்; மருத்துவரும் அல்ல, நர்ஸும் அல்ல. மருந்து தருவது அவர் வேலையே இல்லை.

சரி, அப்புறம் எதற்கு அவர்? வேளச்சேரியில் ஒரு ஃபிளாட், இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலிக்கக் குனிந்து பால் கொடுக்கிறாள் தாய். டூலா அவள் முழங்கைக்கடியில் தலையணை வைத்து, குழந்தையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டும்படி திருப்புகிறார். காம்போடு, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போனதும் வலி குறைகிறது. பிறகு குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, தாயைத் தூங்க அனுப்புகிறார். அம்மாவும் மாமியாரும் ஊரில் இருக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய துணை! இரண்டு வாரம் தாண்டியும் தாயின் அழுகை ஓயாவிட்டால், டாக்டரைப் பாருங்கள் என்று நல்ல டூலா சொல்லிவிடுவார்.

குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்சுக்கு 108. வெயிலில் காட்டிக் காத்திருக்க வேண்டாம்.