வீட்டுக்குத் தெரியாமல் கட்டும் பணம்

ஐபிஎல் தொடங்கிவிட்டால் அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடைகளில் பந்தயம் கட்டுவதைப் பற்றி ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "அளவா ஆடினா ஒண்ணும் ஆகாது." சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த அளவை யார் வைப்பது, தாண்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கட்டுகிறோம் என்பது இரண்டாவது விஷயம். வீட்டுக்குத் தெரிந்து கட்டுகிறோமா, மறைத்துக் கட்டுகிறோமா என்பதுதான் முதல் விஷயம்.

நான் ஒரு தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கடன் மனுக்கள் எங்கள் மேசைக்குத்தான் வரும். மருத்துவச் செலவு, ஸ்கூல் ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ் என்று காரணம் எழுதியிருக்கும். சில மனுக்களைப் பார்த்ததும் மனசுக்குப் பட்டுவிடும். போன கடன் பாதிகூட அடைபடவில்லை, அதற்குள் மறுகடன். நகை ஏற்கெனவே அடகில். ஜாமீன் கையெழுத்துக்கு வேறு ஷிஃப்ட்டில் இருக்கிற, அதிகம் பழக்கமில்லாத ஆளைப் பிடித்து வந்திருப்பார். என்னை உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். நெருங்கிய நண்பன் என்றால் எதற்கு என்று கேட்டுவிடுவான், அதனால் அவனைத் தவிர்க்கிறார். தனியாக உட்காரவைத்துப் பேசினால் மெதுவாக வெளியே வரும். இளைஞர்கள் என்றால் கிரிக்கெட் பந்தயம், இல்லையென்றால் ரம்மி. வயசானவர்கள் என்றால் மூணு நம்பர் லாட்டரி.

இந்த ஊருக்குச் சூதாட்டம் புதுசு இல்லை. 1968இல் தமிழ்நாடு அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது, 2003இல் தடை செய்தது. கிண்டி ரேஸ் மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் சீல் வைத்தார்கள். அந்தக் காலத்திலும் குடும்பங்கள் நாசமாயின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரேஸுக்குப் போகிறவர் ரயிலேறி கிண்டிக்குப் போக வேண்டும், நாலு பேர் கண்ணில் பட வேண்டும். கல்யாண மண்டபத்தில் விடிய விடிய சீட்டு ஆடுகிற சித்தப்பாவுக்கு எவ்வளவு போச்சு என்று மறுநாள் காலை டிஃபனுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சித்தி வந்து எழுப்பிக் கூட்டிப்போவார். இன்றைக்குப் போர்வைக்குள் ஃபோன். பக்கத்தில் படுத்திருக்கிற மனைவிக்கே தெரியாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்டக் கோளாறுக்கு 9 அறிகுறிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் 4 இருந்தாலே அது நோய். விட்ட காசைப் பிடிக்க மறுபடி போவது அதில் ஒன்று. எவ்வளவு ஆடுகிறோம் என்பதை மறைக்கப் பொய் சொல்வது இன்னொன்று. இத்தனை ரூபாய்க்கு மேல் என்று ஒரு தொகையும் அதில் கிடையாது. மாதம் இரண்டாயிரம் விடுகிறவர் நோயாளியாக இருக்கலாம்.

விட்டதைப் பிடிக்கிற கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பந்தயம் பிடிக்கிற புக்கி டாஸுக்கு இரண்டு பக்கமும் 1.90 கொடுக்கிறார், அதாவது ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு 1.90 திரும்ப வரும். நீங்கள் ஒரு பக்கம் 100 கட்டுகிறீர்கள், நான் இன்னொரு பக்கம் 100. ஜெயித்தவருக்கு 190 போகும், 10 ரூபாய் புக்கிக்கு. அவருக்கு டாஸில் யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். நமக்கோ 19 தடவை கட்டினால் 10 தடவை ஜெயித்தால்தான் கைக்காசே மிஞ்சும். சரி, தோற்கத் தோற்க டபுள் பண்ணினால்? 100, 200, 400 என்று போய் ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் மொத்தம் 12,700 போயிருக்கும். எட்டாவது தடவை 12,800 கட்டி ஜெயித்தே விட்டீர்கள் என்று வையுங்கள். லாபம் 11,520. அப்போதும் 1,180 ரூபாய் நஷ்டம். ஜெயித்த பிறகும் நஷ்டம்! இந்தக் கணக்கு தெரியாதவர்களா ஆடுகிறார்கள்? மெஷின் ஷாப்பில் மைக்ரான் கணக்குப் பார்க்கிற ஆட்கள் அவர்கள். வீட்டில் தெரிவதற்குள் அந்தப் பணத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும் என்ற பதற்றம்தான் டபுள் பண்ண வைக்கிறது. இழந்த அன்றைக்கே ஒருவரிடம் சொல்லியிருந்தால் அந்த அவசரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

சட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை நிறுத்திவைக்க 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது, உயர் நீதிமன்றமும் ஏற்றது. அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த ஆட்டங்களையே தடை செய்தது. நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் வாட்ஸாப்பில் இருக்கிற லோக்கல் புக்கிக்கு ராத்திரி பகல் கிடையாது. இன்னொன்று, தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அந்தப் பயத்தில் மாட்டிக்கொண்டவர் வாயே திறப்பதில்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த காசு என்று சொல்லி எந்த புக்கியும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. மிரட்டினால் போலீஸுக்குப் போகலாம். லோன் ஆப்பிலும் நண்பரிடமும் வாங்கியது வேறு கதை, அது கடன்தான்.

ஆகவே நான் யாரையும் கட்டச் சொல்லவில்லை. கட்டிக்கொண்டிருப்பவரிடம் கேட்பது இதுதான்: சம்பளம் வரும் கணக்கின் எஸ்எம்எஸ் மனைவி ஃபோனுக்கோ அப்பா ஃபோனுக்கோ போகட்டும். பந்தயத்துக்குக் கடன் வேண்டாம், நூறு ரூபாய் கைமாற்றுகூட. தோற்ற அன்று மறுபடி கட்ட வேண்டாம். இதில் முதலாவதைச் செய்ய மனசு வரவில்லை என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். மகன் வந்து "அப்பா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தால் முழுசாகக் கேளுங்கள். அன்றைக்கே அவன் கடனை மொத்தமாக அடைத்தும் விடாதீர்கள், வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லாதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று அவன் கையால் ஒரு தாளில் எழுத வையுங்கள். பாதியை மறைத்துத்தான் முதலில் சொல்வான். கோபப்படாமல் இரண்டாவது முறை கேளுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். மருத்துவக் கடன் என்றால் பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், படிப்புக் கடன் என்றால் பள்ளிக்கு. உறுப்பினரை நம்பாமல் அவமானப்படுத்துவதாக இப்போதே சிலர் சொல்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் ஜாமீன் போட்ட தொழிலாளியின் சம்பளத்தில் அடுத்தவர் கடன் பிடித்தமாகும்போது அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நம் சங்க உறுப்பினர்கள் இதைப் படித்தால், ஆதரவோ எதிர்ப்போ, கூட்டத்துக்கு வந்து பேசுங்கள்.