அந்த பூத்த மரம் ஓவியம் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைஞ்சது இல்லீங்க

ரெண்டு நாளா ஒரு ஃபார்வர்டு சுத்துது, வெள்ளையா பூத்த மரங்க, உழுத மண்ணு, குனிஞ்சு வேலை செய்யுற ஆளு இருக்குற ஒரு பிரெஞ்சு கிராமத்து ஓவியம், "மோனேவுக்கு கண்புரை வந்து பார்வை மங்கினப்போ வரைஞ்சது, அதான் மசமசன்னு இருக்கு"ன்னு போட்டிருக்காங்க.

தப்பு. இது கமில் பிஸாரோங்கிற இன்னொரு ஓவியர் வரைஞ்சது, ஊரு பாரிஸ் பக்கத்துல லூவ்சியென், வருஷம் 1872. பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் (இப்போதைய ஜெர்மனி பக்கம்) போர் நடந்தப்போ தப்பிச்சு லண்டன் போயிட்டு, திரும்பி வந்தப்புறம் வரைஞ்சது, 1874ல நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் (அந்த நேரத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் சட்டுனு தீட்டுற பாணி) கண்காட்சியிலயும் வெச்சாங்க, இப்ப வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு. மோனேவுக்கு கண்புரை வந்தது உண்மைதான், ஆனா டாக்டர் அதை கண்டுபிடிச்சதே 1912ல, ஆபரேஷன் 1923ல! நாப்பது வருஷ இடைவெளி, அதுவும் வேற ஆளோட கண்ணு.

பிஸாரோவுக்கும் கடைசி காலத்துல கண்ணு பிரச்சனை இருந்துச்சு, அப்ப ஜன்னலுக்கு உள்ள உக்காந்து தெருவை வரைஞ்சாரு, அது வேற கதை. இந்த படத்தை ஸூம் பண்ணி பாருங்க, ஒவ்வொரு பூவையும் வரையாம குட்டி குட்டியா வெள்ளை பெயிண்ட்டை தொட்டு வெச்சிருக்காரு, வேணும்னே பண்ணது, கொஞ்சம் தள்ளி நின்னா கிளை பூரா பூவாயிடும்.