மேடையில் நின்ற காருக்கு வேண்டாம், ஓடி வந்த காருக்குக் கொடுங்கள் கோப்பையை

பழைய கார் கண்காட்சிகளில் பரிசு கொடுக்கும் முறை மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. லாரியில் ஏற்றி வந்து, மெத்தென்ற துணியால் துடைத்து, கயிறு கட்டி நிறுத்தி வைத்த கார் கோப்பையை வாங்கிப் போகிறது. எண்ணெய்க் கையோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தவருக்கு ஒரு சான்றிதழும் தண்ணீர் பாட்டிலும். குரோம் மின்னுகிறதா, பெயிண்டில் முகம் தெரிகிறதா என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். அந்தக் கார் அதன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா, ஸ்டார்ட் செய்தால் போய் வருமா என்ற இரண்டு கேள்விகளும் கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றன.

வெளிநாட்டில் இதைவிட ஆடம்பரமாக நடக்கும் இடங்கள்கூட இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடக்கும் போட்டியில் 1998ஆம் ஆண்டிலிருந்து ஒரு சாலைப் பயணம் சேர்ந்திருக்கிறது. ஒரு பிரிவில் இரண்டு கார்கள் சம மதிப்பெண் எடுத்தால், அந்தப் பயணத்தை முடித்த காருக்கே பரிசு. 2024இல் அங்கே ஒட்டுமொத்த முதல் பரிசு வாங்கியது 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59. பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார் அது. பழைய கறுப்புப் பெயிண்டை உரித்துப் புதிதாக அடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்கள். புதுப்பிக்காமல் பாதுகாத்த கார் ஒன்றுக்கு அங்கே முதல் பரிசு போனது அதுவே முதல் முறை. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நவம்பர் முதல் ஞாயிறு நடக்கும் ஓட்டத்தில் 1905க்கு முன் செய்த வண்டிகள் மட்டும்தான் கலந்துகொள்ளும். அது பந்தயம் கிடையாது. ஊர் போய்ச் சேர்ந்தால் பதக்கம், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்கிறேன், சென்னையில் செய்த கார் என்பதால். 1961இல் தொடங்கிப் பத்தாண்டுகள் இங்கே ஓடிய தயாரிப்பு. 948 சிசி இன்ஜின், தனிச் சேஸிஸ், முன்பக்கமாகத் தூக்கும் பானட், இருபத்தைந்து அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும் ஸ்டியரிங். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. இங்கிலாந்துக்காரர்களே படம் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். பாடி ஒரே துண்டாக இல்லாமல் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுச் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருப்பதால், தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோதே பானட்டுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரே சீராக இருந்ததில்லை. கண்காட்சியில் ஒரு ஹெரால்டின் இடைவெளிகள் எல்லாம் அளவுகோல் வைத்த மாதிரி இருந்தால், உள்ளே பள்ளத்தை நிரப்பிய பட்டி எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். நடுவர் கையில் பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தால் போதும். தொழிற்சாலைப் பெயிண்ட் சுமாராக 100 முதல் 150 மைக்ரான். 300 தாண்டினால் மறுபடி அடித்தது. ஆயிரத்தைத் தாண்டினால் தகட்டுக்கு மேல் பட்டியைப் பூசி வைத்திருக்கிறார்கள். மீட்டர் இல்லையென்றால், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு.

அடுத்து போல்டுகளைப் பாருங்கள். ஹெரால்டிலும் அம்பாசிடரிலும் இருப்பவை அங்குல போல்டுகள். அரை அங்குலம், ஏழு பதினாறு, ஒன்பது பதினாறு என்று ஸ்பேனர் வேண்டும். ஃபியட்டிலும் பத்மினியிலும் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அவசரத்துக்கு 13 ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்டின் முனைகள் உருண்டுபோகும். முனை உருண்ட போல்டுகளும், ஹெரால்டு இன்ஜினில் ஆங்காங்கே முளைத்திருக்கும் மில்லிமீட்டர் போல்டுகளும் அந்தக் கார் எந்தக் கைகளில் கிடந்தது என்பதைச் சொல்லிவிடும். பக்கத்திலேயே தங்கம் போல மின்னும் வால்வு கவர் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அந்தக் காலத்தில் சாதாரணப் பெயிண்ட் அடித்த தகடு.

குரோம் பற்றி ஒரு வார்த்தை. நல்ல முலாம் என்றால் முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் மெல்லிய குரோமியம். துருவைத் தடுப்பது நிக்கல்தான். குரோமியம் பளபளப்புக்கும் கீறல் விழாமல் இருப்பதற்கும். விலை குறைக்கச் செம்பை விட்டுவிட்டு நிக்கலைத் தொட்டுத் தொட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடற்கரை ஊரில் அந்தப் பம்பர் ஒரு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம், ஊசிமுனைத் துரு எட்டிப் பார்த்துவிடும். கொஞ்சம் மங்கிய ஒரிஜினல் முலாம் கொண்ட பம்பருக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன்.

இனி கண்ணுக்குத் தெரியாத இடம். ஹெரால்டின் முன் சக்கரத்துக்குக் கீழே டிரன்னியன் என்ற வெண்கலப் பாகம் இருக்கிறது. வீலைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டு அதற்குள் மரை போட்டு இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழல்கிறது. இதற்கு வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். நம் ஊர் ஷெட்டுகளில் பாதிப் பேர் கிரீஸ் கன்னை வைத்து அடைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் முழுக்க இறங்காது, நாளானால் கெட்டியாகும், அடியில் தண்ணீர் தங்கும், தண்டு மரை இருக்கும் இடத்திலேயே துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கும். மெதுவாகப் போகும்போது நடந்தால் தப்பித்தீர்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, குறைவாக ஓடும் காருக்கு வருடம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றி ஆயில் கன் வைத்து மேல்பக்கம் கசியும் வரை அடிக்க வேண்டும். லிட்டர் கணக்கில் பாலிஷ் வாங்குகிறவர்கள் இந்த அரைக் குவளை ஆயிலுக்கு யோசிப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஓட்டி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இன்று பம்பில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும்; இந்தக் கலவைக்கு 13.5 போதும். பழைய கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே காற்றைக் கலக்கும். ஆகவே காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை எட்டு சதவீதம் மெலிகிறது, இன்ஜின் சூடாகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி, வெள்ளை வெளேரென்று இருந்தால் கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். சோலக்ஸ் கார்ப்பரேட்டரின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. எட்டு சதவீதம் அதிகப் பெட்ரோல் வேண்டுமென்றால் விட்டம் நான்கு சதவீதம் கூட வேண்டும். 115 இருந்த இடத்தில் 120. அதற்கு மேல் போனால் கரும்புகைதான்.

எத்தனால் பழைய ரப்பரையும் அரிக்கும். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்பின் டயஃப்ரம், பெட்ரோல் ஹோஸ், கார்க் பேக்கிங் எல்லாமே எத்தனால் தாங்கும் வகைக்கு மாற வேண்டியவை. வண்டி இரண்டு மூன்று மாதம் நிற்கப் போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். டேங்க் துருப்பிடிப்பது அங்கிருந்துதான்.

நடுப்பகல் அணிவகுப்பில் வரிசையாக நின்று போகும் பழைய கார்கள் ஏன் ஒவ்வொன்றாக அணைகின்றன? ஏ.சி. பம்பு இன்ஜினோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. காற்றோட்டம் நின்றதும் அந்தச் சூட்டில் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியைத்தான் தள்ளும். அந்த இடத்தில் ஈரத்துணி சுற்றுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலக்கி, கார்ப்பரேட்டருக்கு அடியில் பத்து மி.மீ. பேக்கலைட் தடுப்பு வைக்கலாம். ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் டைனமோவை மறந்துவிடுகிறார்கள். லூகாஸ் சி40 டைனமோ நல்ல ஓட்டத்திலேயே அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஃபேன் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரைமணி நேர ஊர்வலத்திலேயே பேட்டரி சோர்ந்து, செல்ஃப் சுற்ற மறுக்கும்.

இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுச் சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? எல்லோரும் கார்ப்பரேட்டரைக் கழற்றப் போவார்கள். பொறுங்கள், முதலில் டெல்கோவுக்குள், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டன்சரை மாற்றுங்கள். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பாதி சூடு தாங்காதவை. அதற்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு), அதாவது 0.38 மி.மீ. இக்னிஷன் காயில் மாற்றும்போது அதற்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிற வண்டியா இல்லாத வண்டியா என்று பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் ஒன்றரை ஓம் காயிலை மாட்டினால் காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்திருக்கும் முறை, இருக்கலாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாவி போட்ட நொடியே போய்விடும்.

பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளியது முக்கியம் குறைவு என்பதால் இல்லை. நின்ற வண்டியில் முதலில் கெடுவதே அதுதான். பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும், வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்துப் பிஸ்டன் இறுகும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கினால் மிதிக்கும்போது அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு பக்க டிரம் மட்டும் கொதிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஹோஸ் எப்படி இருந்தாலும் பத்து வருடத்துக்கு ஒருமுறை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பதினைந்து வயது டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதியே இந்தப் பக்கம்தான் நிற்கிறது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வயது தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாதது என்றால் நம்பர் பிளேட்டில் விஏ (VA) வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000, ஐந்து வருடம். தினசரி உபயோகத்துக்கு அனுமதி இல்லை, கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். அரசு மாற்றாமல் வைத்திரு என்கிறது. கண்காட்சி நடுவர்கள் மாற்றிவிட்டு வா, கோப்பை தருகிறேன் என்கிறார்கள்.

நடத்துகிறவர்கள் மதிப்பெண் தாளை மாற்றினால் போதும். நூறில் நாற்பது ஒரிஜினல் பாகங்களுக்கு, முப்பது சாலையில் ஓடி முடித்ததற்கு, இருபது அடிப்பக்கத்துக்கும் பிரேக்குக்கும், பளபளப்புக்குப் பத்து. புறப்படும் நேரத்தைக் காலை ஆறரைக்கு வையுங்கள். அமைச்சர் கொடியசைக்கப் பதினோரு மணிக்கு வருகிறார் என்றால் வண்டிகளை ஆஃப் செய்து, பானட்டைத் திறந்து, நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓரமாக ஒரு ரெக்கவரி வேன், இரண்டு ஃபயர் எக்ஸ்டிங்குஷர், கேன்களில் ரேடியேட்டருக்குத் தண்ணீர். இதற்கு ஆகும் செலவு மேடைப் பந்தல் செலவில் கால்வாசிகூட வராது.