வரலாற்றுப் பாடத்தில் ஆய்வு செய்யக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

எம்.எட். முடித்த தம்பி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். "அக்கா, வரலாறு கற்பித்தலில் பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். கையில் ஒரு தலைப்பும் வைத்திருந்தார்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் வரலாற்றுப் பாட அடைவுத்திறனும் மனப்பான்மையும்.

இந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு மனசு கனத்துவிடுகிறது. என் எம்.எட். ஆய்வும் இதே வார்ப்புதான். ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாநிரல், முந்நூறு பிள்ளைகள், ஆண் பெண், கிராமம் நகரம் என்று பிரித்து ஒரு டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் கணக்கு). வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எல்லோரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளை சோழர் காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அந்த ஆய்வில் ஒரு வரி கூடக் கிடையாது.

சில வருடங்கள் கழித்து, ஏழாம் வகுப்பில் குடவோலை முறை (சோழர் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த முறை) நடத்தும்போது, உத்திரமேரூர் கல்வெட்டின் விதிகளை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் பயிற்சி வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. ஆறு பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, "படிக்கும்போது மனசுல என்ன தோணுதோ அதைச் சத்தமா சொல்லு" என்றேன்.

ஒருவன், "இது உண்மைதான் மிஸ், கல்லுலயே செதுக்கியிருக்காங்களே" என்றான். இன்னொருத்தி, "எங்க தெருவுல இருந்து யாருமே நின்றிருக்க முடியாது" என்றாள். மூன்றாவது பிள்ளை கணக்கு விதியில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டது. "அப்போ முன்னாடி யாரோ கணக்குக் காட்டாம ஓடியிருப்பாங்க, அதான் இந்த விதி."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. விதியிலிருந்து அதற்கு முந்தைய தகராறை ஊகிப்பது வரலாற்றாசிரியர் செய்கிற வேலை. உத்திரமேரூரில் இருக்கிற, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் கால விதிகள் கி.பி. 919, 921 என இரண்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வெட்டப்பட்டவை. இரண்டாவது முறை விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் தெரியாமலே பிள்ளை கிட்டே வந்துவிட்டது.

இப்படிச் சத்தமாக யோசிக்க வைப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வரலாற்றாசிரியர்களையும் எட்டுப் பள்ளி மாணவர்களையும் லெக்சிங்டன் சண்டை (அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல்) பற்றிய ஆவணங்களைப் படித்துக்கொண்டே பேச வைத்தார். மாணவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பாடநூல் பகுதியைத்தான் அதிகம் நம்பினார்கள். வரலாற்றாசிரியர்களோ எதையும் படிப்பதற்கு முன் இதை எழுதியது யார், எப்போது என்று தேடினார்கள். மொத்தமே பதினாறு பேர்தான். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் பீட்டர் லீயும் கூட்டாளிகளும் 'சான்று' என்பதைக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள். இந்த இரண்டு பேரையும் முதலில் படித்துவிடுங்கள்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். தலைப்பு அப்புறம். முதலில் ஒரு பாடம், ஒரு மூலச் சான்று, ஐந்தாறு பிள்ளைகள். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஃபோனில் பதிவு செய்து, பேசியது பேசியபடியே எழுதுங்கள், பிள்ளை "ம்ம்..." என்று இழுத்ததைக் கூட விடாமல். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆகும். சலிப்பாக இருக்கும், ஆனாலும் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். எழுதும்போதுதான் காது திறக்கும். பெயர்களை மாற்றிவிடுங்கள். அப்புறம் நாலு தடவை படித்தால் கேள்வி தானாக மேலே வரும். அந்தக் கேள்வியோடு கைடிடம் போனால் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதுவது பெரிய பாடாக இருக்காது.

"ஆறு பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது?" என்று கேட்பார்கள். எத்தனை சதவீதம் என்று சொல்ல ஆறு பேர் போதாதுதான். ஒரு பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்க ஆறு பேர் நிறையவே போதும். எண்ணிக்கை தேவைப்படும் கேள்வி பின்னால் வந்தால் அப்போது முந்நூறு பேரிடம் போகலாம்.

நான் வகுப்பில் கொடுத்த அந்தக் கல்வெட்டுத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.