ஒருநாள் முந்திப் போன வாழ்த்து

"இருநூறு இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன் அண்ணா, ஒன்றும் நகரவில்லை" என்று போன வாரம் பட்டர்வொர்த் தம்பி ஒருவன் தன்விவரக் குறிப்பை அனுப்பியிருந்தான். கணினி அறிவியல் பட்டதாரி. முதல் பக்கத்தின் பாதியை ஜாவா, பைத்தான், ரியாக்ட் என்று நிரல் எழுதும் மொழிகளும் கருவிகளுமாகப் பதினாறு பெயர்கள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் மென்பொருள் தொழிலுக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு ஒழுங்காகத் தெரிந்தவை மூன்று.

பதினாறும் தெரியுமா என்று கேட்டேன். "பார்த்திருக்கிறேன்" என்றான்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எங்கள் குழுவுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது நானும் உட்காருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்தப் பட்டியலை நாங்கள் படிப்பதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியைப் படிக்கிறோம், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் செய்திருப்பது மாணவர் வருகைப் பதிவேடு. அதில் ஒரு மாணவன்கூட ஒருநாளும் தன் வருகையைப் பதிந்ததில்லை. மதிப்பெண் வந்த மறுநாளே அதற்குக் கருமாதி முடிந்துவிடுகிறது.

நானும் அப்படி ஒரு பதிவேட்டோடு வெளியே வந்தவன்தான். ஒன்பது மாதம் வீட்டில் இருந்தேன். பினாங்கில் கம்ப்யூட்டர் வேலை என்றால் என் அம்மாவின் தலைமுறைக்கு ஒரே பொருள், ஆலை. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது, அதே ஆண்டில் கணினிச் சில்லு செய்யும் இன்டெல்லும் வந்தது. அதன்பின் இந்தத் தீவில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த வட்டாரம்தான். அம்மாவும் மூன்று ஷிப்டு மாற்றி மாற்றி நுண்ணோக்கிக்கு முன் கண்ணைத் தேய்த்தவர். "ஆலையில் சொல்லி வைக்கட்டுமா?" என்று தினமும் மாலையில் கேட்பார். நான் பட்டதாரி என்ற வீறாப்பில் பதில் சொல்ல மாட்டேன்.

அந்த நாள்களில்தான் எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண். "சும்மாதானே இருக்கிறாய் தம்பி, இதைக் கணினியில் ஏற்றிக் கொடு. பிறந்தநாளுக்கு வாழ்த்தும் போக வேண்டும்." சம்பளம் கிடையாது, தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், உண்டு.

ஒரு வார வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் இழுத்தது.

முதல் அடி, பெயர். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே வரும் சாய்கோட்டை என் நிரல் ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று எவனோ வகுத்த இரண்டு கட்டங்களை அப்படியே எடுத்து வைத்திருந்தேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்!

இரண்டாவது அடி சுவையானது. வயதானவர்களுக்கு மட்டும் வாழ்த்து ஒருநாள் முன்னதாகப் போனது. இளையவர்களுக்குச் சரியாகப் போனது. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதிதான், ஒப்பிட்டுப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் தவறில்லை. ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டே போனபோது, 1982க்கு முன் பிறந்தவர்கள் அத்தனை பேரும் தவறு, பின் பிறந்தவர்கள் அத்தனை பேரும் சரி என்று தெரிந்தது.

1982 ஜனவரி 1இல்தான் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதுவரை உலகப் பொது நேரத்தைவிட நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னே. தேதியைச் சேமிக்கும்போது நான் எட்டு மணி நேரத்தைக் கழித்திருந்தேன். சேமித்ததை எடுத்துத் திரையில் காட்டிய மென்பொருள் கருவிக்கு நம் கடிகார வரலாறு தெரிந்திருந்தது, அது ஏழரையைத்தான் கூட்டியது. நள்ளிரவு 12 மணி முந்தைய இரவு 11.30 ஆகிவிட்டது. தேதி ஒன்று குறைந்துவிட்டது. பிறந்தநாளுக்கு எதற்கு மணிக்கணக்கு, வெறும் தேதியாக வைத்திருந்தால் தீர்ந்தது. அது புத்தியில் ஏற மூன்று இரவுகள் ஆயின.

அடுத்த மாதம் ஜார்ஜ் டவுனில் ஒரு சிறு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. "உங்களை மிகவும் படுத்திய பிழை எது?" என்றார்கள். நான் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பேன். நடுவில் ஒருவர் எழுந்துபோய்த் தங்கள் மென்பொருளில் 1982க்கு முந்தைய தேதிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். சான்றிதழ்க் கோப்பை யாரும் திறக்கவில்லை. சம்பளம் 2,600 ரிங்கிட், அதில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போய்விடும். அம்மா அன்றோடு ஆலைப் பேச்சை விட்டார்.

வேலைக்கு மாண்டரின் சீனம் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கிறார்கள்தான். சில இடங்களில் வாடிக்கையாளருக்காக, சில இடங்களில் வெறும் பழக்கத்தால். இரண்டாவது வகையைக் கண்டால் எனக்கும் எரிகிறது, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் 'இரண்டாண்டு அனுபவம் தேவை' என்ற வரியைக் கண்டு பின்வாங்குவது நம் தவறு. பத்துப் பொருத்தமும் இருந்தால்தான் பெண் பார்க்கப் போகிறோமா? ஆறு இருந்தால் போய்ப் பேசுகிறோம் அல்லவா?

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது புதியவனை யார் எடுப்பார்கள் என்று பட்டர்வொர்த் தம்பி கேட்டான். எழுதித் தரட்டும். ஆனால் எந்தப் பெரியவருக்கு வாழ்த்து தப்பாகப் போனது என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்தவன்தான் எனக்கு வேண்டும். பட்டர்வொர்த் தம்பியின் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். எந்தப் பிள்ளை எந்த மாதக் காசில் பாதி பாக்கி என்ற கணக்கெல்லாம் அவர் தலைக்குள். அதற்கு ஒரு நிரல் எழுது, அவர் ஒரு மாதம் அதை வைத்துக் காசு வாங்கட்டும், அப்புறம் விண்ணப்பம் போடலாம் என்றேன். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

சங்கத் தலைவரிடம் பிழையைத் திருத்திவிட்டேன் என்று சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. அவர் 1957இல் பிறந்தவர். எல்லாருக்கும் முந்தித் தன்னை வாழ்த்த வேண்டும் என்றுதான் இந்தத் தம்பி ஒருநாள் முன்னதாக அனுப்பினான் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாராம்.