ஏறுகிறவரிடமும் கேளுங்கள்
தென்னை ஏற ஆள் கிடைப்பதில்லை என்று உங்கள் கட்டுரையில் தோப்புக்காரர்கள் எல்லாரும் புலம்பியிருக்கிறார்கள், சரி, ஏறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எங்கள் பேராவூரணிப் பக்கம் 2018 கஜா புயலில் தோப்பு தோப்பாக மரம் சாய்ந்தபோது நிறையப் பேருக்குப் பிழைப்பே போச்சு. இன்றும் ஒருவர் மட்டை கழிக்க மேலே போனால், கீழே இன்னொருவர் நின்று யாரும் மரத்தடிக்கு வராமல் பார்த்துக்கொள்வார், மழையில் மரம் வழுக்கினால் "இன்னைக்கு வேண்டாம்ணே" என்று தடுப்பதும் அவர்தான். யாராவது விழுந்துவிட்டால் மற்றவர்கள் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அந்த வீட்டில் கொடுப்பார்கள். மரம் ஏறுகிறவர்களுக்கான தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீடு இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. மரத்துக்கு இவ்வளவுதான் என்று பேரம் பேசுகிறவர்கள், அந்தக் காப்பீட்டில் தொழிலாளி கட்ட வேண்டிய பங்கைத் தாங்களே கட்டினால் என்ன குறைந்துவிடும்?